ஹைப்போ எந்தக் கடையில் கிடைக்கும்?

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் கூடினால் லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். உண்மையில் முதல் கேள்வி, "டெவலப்பர் எங்கடா வாங்கின?" என்பதுதான். மூவாரில் எனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு பார்சலுக்காகக் காத்திருக்கும். இன்னொரு கட்சி, ஊரிலேயே எங்கேயாவது கிடைக்கும், தேடத்தான் வேண்டும் என்று சொல்லும். முதல் கட்சிக்கு இருக்கும் தொல்லை: பல சமயம் பொருளின் விலையைவிட அனுப்புக்கூலி அதிகம். திரவமாக இருந்தால் சில கூரியர்கள் எடுக்கவே மாட்டார்கள். இரண்டாவது கட்சிக்கு இருக்கும் தொல்லை: ஃபோட்டோ கடையில் பாஸ்போர்ட் படம் உண்டு, லேமினேஷன் உண்டு, ஃபிரேம் உண்டு. ஹைப்போ என்று கேட்டால் கவுண்டரில் நிற்கும் பிள்ளை நம் முகத்தையே பார்க்கும்.

இந்தச் சண்டை ஷாப்பி, லஸாடாவோடு வந்தது இல்லை. நம் வட்டாரத்துக்குப் புகைப்படம் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. மருந்து கப்பலில் வர வேண்டுமா, பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் யாருடைய முகம் படமானது, யாருடைய முகம் மங்கிப் போனது என்பதும் முடிவானது. அதனால் இங்கே நான் சொல்லப்போவது கேமராக்களின் கதை இல்லை, புட்டிகளின் கதை.

முதலில் அடிப்படை. கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவ மூன்று புட்டி போதும். முதலாவது டெவலப்பர்: வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளித் துகளாக மாற்றும். இரண்டாவது ஸ்டாப் பாத்: அந்த வேலையை நிறுத்தும் லேசான அமிலம், பெரும்பாலும் அசிட்டிக் ஆசிட். மூன்றாவது ஃபிக்ஸர்: வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்றும். இது இல்லாவிட்டால் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததும் நாளடைவில் கறுத்துவிடும். ஃபிக்ஸரின் பழைய பெயர்தான் ஹைப்போ, இன்றைய பெயர் சோடியம் தையோசல்ஃபேட். அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே எழுதிவிட்டார். புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதாவது படம் பிறக்க இருபது வருடம் இருக்கும்போதே அதை நிலைக்க வைக்கும் மருந்து தயாராக இருந்தது. இந்த மூன்றுக்கும் பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு, தண்ணீரில் நன்றாகக் கழுவுவது.

இதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு இருக்கும் சொல்லுக்கு 'விரித்தல்', 'வளர்த்தல்' என்று பொருள். தமிழில் நாம் படம் 'கழுவுறது' என்கிறோம். மலாயில் 'சூச்சி காம்பார்', அதற்கும் படம் கழுவுவது என்றுதான் அர்த்தம். சீன மொழியிலும் இதே 'கழுவு'தான். மூவார் கடைத்தெருவின் மூன்று மொழிகளும் தண்ணீரையும் கையையும் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. மருந்துக்கு மட்டும் நம் பேச்சுத் தமிழில் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. மருந்து எப்போதும் வேறு எங்கிருந்தோ வந்தது, அது வந்த பெயரிலேயே நின்றுவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மலாக்கா. அங்கே பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. மலாய் எழுத்தின் முன்னோடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய முன்னோரில் நாகூர் வழியாக வந்தவர்கள் உண்டு என்பதையும், சின்ன வயதில் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்பதையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மலாக்காவில் அன்று தமிழ் வியாபார மொழி. அவர் 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் டகேரியோடைப் படம் ஒன்றைப் பற்றிய விவரிப்பு இருக்கிறது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் வந்த மருத்துவர் அந்தக் கருவியை வைத்திருந்தார். தகட்டில் சிங்கப்பூர் நகரம் அச்சு அசலாகப் பதிந்திருப்பதைப் பார்த்து அப்துல்லா அசந்துபோகிறார். இந்த வட்டாரத்தில் புகைப்படம் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அந்தத் தகட்டின் மருந்துகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளி பூசிய செம்புத் தகடு, அதை உணர்திறன் கொண்டதாக மாற்ற அயோடின் ஆவி, படத்தை வெளிக்கொண்டுவரப் பாதரச ஆவி. எல்லாம் கப்பலில் அந்த மருத்துவரோடு வந்தவை, அவரோடு போனவை. 1843 டிசம்பரில் சிங்கப்பூரில் ஹோட்டல் நடத்திய காஸ்தோன் துத்ரொங்குவா என்பவர், இரண்டே நிமிடத்தில் உருவப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஒரு படம் பத்து டாலர். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கடல்தூரத்துக்கான விலை என்று தயங்காமல் சொல்லலாம். இன்று நாம் செக்-அவுட் பக்கத்தில் பார்த்துப் பெருமூச்சு விடும் அனுப்புக்கூலியின் மூதாதை அது.

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடியில் கொல்லோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவவும் வேண்டும். கொல்லோடியனில் இருப்பது ஈதர். நம் ஊர் வெயிலில் ஈதர் எவ்வளவு நேரம் நிற்கும்? அதனால் படம் எடுப்பவன் போகிற இடத்துக்கெல்லாம் இருட்டுக் கூடாரமும் புட்டிப் பெட்டிகளும் கூடவே போயின. ஆள் பலம் இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை.

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862-இல் சிங்கப்பூருக்கு வந்து கடை போட்டார். பிறகு பினாங்கிலும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் பல மாதம் படம் எடுத்தார். 1875-இல் வெளிவந்த தன் பயண நூலில், பினாங்கில் இரண்டு மெட்ராஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அச்சிடவும் உதவவும் வைத்துக்கொண்டதாக எழுதுகிறார். மனிதக் கை படாமல் உருவத்தை எடுப்பது பிசாசு வேலை என்று சீனர்கள் அப்போது மறுத்துவிட்டார்களாம். அந்த இரண்டு பேரை 'மெட்ராஸ்காரர்கள்' என்றுதான் உலகம் அறியும். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பாகப் பிடிக்கும், சோப்புப் போட்டாலும் நாள் கணக்கில் போகாது. தாம்சனின் பினாங்குப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றை அச்சிட்ட விரல்கள் கறுத்திருந்தன என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் அரசாங்கம் 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மாகாணப் புகைப்படக்காரராக நியமித்தது. ஈரத் தகட்டை நம்பாமல் அவர் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களோடு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வெயிலிலும் நீண்ட பயணத்திலும் காகிதம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் காரணம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டிய படம் சுமார் 19 அடி நீளம். ஆனால் 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று கருதினார். துறை மூடப்பட்டது. மருந்தும் காகிதமும் கப்பலில் வரும்வரை படம் என்பது அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரியை அடித்தால் படம் நின்றுவிடும்.

இந்தத் தூரத்தை முதலில் குறைத்தது கப்பல் இல்லை, பொடி. 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டுக்கு வழி காட்டினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. ஈதர் தேவையில்லை, கூடாரம் தேவையில்லை. இன்று எடுத்து அடுத்த வாரம்கூடக் கழுவலாம். 1880-இல் ஹைட்ரோகுவினோன், 1891-இல் மெட்டால், அதே 1891-இல் ஆக்ஃபாவின் ரோடினால் என்று டெவலப்பர் மருந்துகள் வரிசையாக வந்தன. சிறு நகரத்திலும் ஸ்டூடியோ நடத்த முடியும் என்ற நிலை இதனால்தான் வந்தது. மகாராஜா அபு பக்கார் பண்டார் மகாராணி என்று பெயர் வைத்த மூவார், ஒரு துறைமுகப் பட்டணமாக வளர்ந்ததும் இதே காலம்தான். சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிவரும் படகில் துணியும் மண்ணெண்ணெயும் வந்த மாதிரி, பொடி டப்பாவும் வர முடிந்தது.

1927-இல் கோடாக் ஆய்வுக்கூடத்திலிருந்து டி-76 என்ற டெவலப்பரின் செய்முறை வெளியானது. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் செய்முறைகளில் அது ஒன்று. ரகசியம் கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம். மொத்தம் 109 கிராம்.

இந்த 109-ஐ ஒரு இன்ஜினியர் கண்ணோடு பாருங்கள். அதில் 100 கிராம் சல்ஃபைட். படத்தை வெளிக்கொண்டுவரும் உண்மையான வேலையைச் செய்வது மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும், இரண்டும் சேர்ந்து 7 கிராம். அதாவது பொடி டப்பா கப்பலில் வந்தபோது, எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலாயாவில் ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடந்த ஒரு பொருள்.

எங்கே கிடந்தது? தோட்டத்தில்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. வெட்டிய பால் ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடக் கூடாது. அதற்குப் பயன்பட்ட மருந்துகளில் ஒன்று சோடியம் சல்ஃபைட். ஆலைக்கு வந்த பிறகு உறைய வைக்க வேண்டும். அதற்கு அசிட்டிக் ஆசிட், பின்னாளில் விலை குறைவான ஃபார்மிக் ஆசிட். மலாயில் அதை இன்றும் 'சூக்கா கெத்தா', ரப்பர் காடி, என்கிறார்கள். வெளிர் நிறத்தில் கிரேப் ரப்பர் வேண்டுமென்றால், நறுக்கிய ஆப்பிள் மாதிரி அது கறுக்காமல் இருக்க சோடியம் பைசல்ஃபைட். டெவலப்பரில் இருக்கும் சல்ஃபைட்டுக்கும் பாதி வேலை இதேதான்: காற்றுப் பட்டு மருந்து கெட்டுப்போகாமல் காப்பது.

ஆக, இருட்டறையின் முதல் புட்டியில் பெரும்பங்கும், இரண்டாவது புட்டியும், தோட்டத்து ஸ்டோரில் கிராணியின் சாவிக்குள் இருந்தன. பால் வாளி தூக்கியவர்கள் அந்த மருந்தைத் தினமும் தொட்டார்கள், அளந்து ஊற்றினார்கள். தங்கள் பிள்ளையின் முகத்தைப் படமாக்கும் பொருளில் பெரும்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்த மூட்டையில் ரப்பர் என்ற பெயர் இருந்தது, ஸ்டூடியோ டப்பாவில் கோடாக் என்ற பெயர் இருந்தது. இடையில் இருந்த தூரம் மைல் கணக்கு இல்லை, பெயர்க் கணக்கு. இன்னும் நேராகச் சொன்னால் கூலிக் கணக்கு. மருந்து மட்டும் இருந்தால் போதுமா? கேமராவும் ஃபிலிமும் இருட்டறைக்கு ஓர் அறையும் வேண்டும். லயத்து வீட்டில் உட்காரவே இடம் பத்தாது.

ஸ்டூடியோக்களை நடத்தியது யார்? சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் கம்பெனி மாதிரி ஐரோப்பியர்கள் முதலில். பிறகு சீனர்களும் ஜப்பானியர்களும். போருக்கு முன் மலாயாவின் பல ஊர்களில் ஜப்பானியர்களின் ஃபோட்டோ கடைகள் இருந்தன. 1942 ஜனவரியில் மூவார் ஆற்றைக் கடந்து ஜப்பானியப் படை வந்தபோது, பக்ரியிலும் பரிட் சூலோங்கிலும் நடந்த சண்டையில் இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் ஆஸ்திரேலியர்களும் ஏராளமாக மடிந்தார்கள். அதற்குப் பிறகு, அந்தக் ஃபோட்டோ கடைக்காரர்கள் எல்லாம் உளவாளிகள் என்ற பேச்சு நாடெங்கும் நிலைத்துவிட்டது. எல்லாரும் இல்லை, சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. ஊரில் யாரிடம் கேமராவும் மருந்தும் இருந்ததோ அவரிடம்தான் ஊரின் உருவமும் இருந்தது.

போர் முடிந்து மூன்றே வருடத்தில் அரசாங்கத்துக்கு எல்லாருடைய முகமும் தேவைப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அட்டை இல்லாமல் அரிசி வாங்குவதும் சோதனைச் சாவடியைக் கடப்பதும் கஷ்டம். காட்டிலிருந்த கெரில்லாக்கள் அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். அந்தச் சிறிய படத்துக்கு அவ்வளவு மதிப்பு. கொஞ்ச காலத்துக்குள் லட்சக்கணக்கான முகங்கள் கழுவி எடுக்கப்பட்டன. அதுவரை கேமராவுக்கு முன் நிற்காத பல தோட்டத்துக் குடும்பங்கள் முதல்முறை நின்றது இதற்காகத்தான். கல்யாணத்துக்கோ குழந்தை பிறந்ததற்கோ இல்லை, அரசாங்க உத்தரவுக்கு.

என் அம்மாவின் பாட்டிக்கு இருக்கும் ஒரே இளவயதுப் படம் அப்படி எடுத்ததுதான். அப்போது மூவார் மாவட்டத்தில் இருந்த தங்காக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் பால் வெட்டினார். அட்டை பின்னாளில் புது அட்டைக்காகத் திரும்பிப் போய்விட்டது. கூடுதலாகப் போட்ட ஒரு பிரதி மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. முகத்தின் இடது பக்கம் தேநீர்க் கறை மாதிரி மஞ்சள். கண் இருக்கும் இடத்தில் கண் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். "கிழவிக்கு வெயில்ல நின்னு நின்னு படமும் வெளுத்துப் போச்சு" என்று மாமா சொல்வார்.

வெயில் காரணம் இல்லை. படத்தில் ஹைப்போ மிஞ்சியிருந்தால், அது வருடக் கணக்கில் மெல்லச் சிதைந்து கந்தகத்தை விடும். கந்தகம் வெள்ளித் துகளோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வினைதான், மெல்லிய படத்தில் அது மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரியும். நம் ஊர் ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். இப்படி ஆவதற்கு இரண்டு வழி. ஒன்று, வெள்ளி ஏறிக் களைத்துப்போன ஃபிக்ஸரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. இன்னொன்று, தண்ணீரில் போதுமான நேரம் கழுவாமல் விடுவது. இரண்டுமே மருந்தை மிச்சம் பிடிக்கும், நேரத்தையும் மிச்சம் பிடிக்கும். வரிசையில் நூறு பேர் நிற்க, அடுத்த டப்பா எப்போது வரும் என்று தெரியாத நிலையில் எந்த ஸ்டூடியோக்காரரும் செய்யக்கூடியதுதான். அட்டைப் படம் அரசாங்கத்துக்குச் சில வருடம் தாங்கினால் போதும். எழுபது வருடம் கழித்து ஒரு கொள்ளுப்பேத்தி தேடுவாள் என்று யார் கணக்குப் போடுவார்கள்? பணக்கார வீட்டுக் கல்யாணப் படம் நல்ல ஃபிக்ஸரில் ஊறி நிதானமாகக் கழுவப்பட்டது. அதனால்தான் பழைய ஆல்பங்களைப் புரட்டும்போது சில முகங்கள் மட்டும் புதிதாக இருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு ஸ்டூடியோக்கள் பெருகின. ஆனால் மருந்தைப் பற்றிய அறிவு பெருகவில்லை, குறைந்தது. 1972-இல் சி-41 என்ற வண்ணக் கழுவல் முறை வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஜப்பானின் நோரிட்சு மினிலேப் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கடைக்காரர் இனி எடை போட வேண்டியதில்லை. நிறுவனம் அனுப்பும் மருந்தை இயந்திரத்தில் ஊற்றினால் போதும். ஒரு மணி நேரத்தில் படம் கிடைத்தது, மருந்தின் பெயர் மறந்தது. டிஜிட்டல் வந்து இயந்திரத்தையும் அகற்றியபோது கடையில் மிஞ்சியது பாஸ்போர்ட் படமும் லேமினேஷனும்தான். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஃபோட்டோ கடைப் பிள்ளைக்கு ஹைப்போ தெரியவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை. அதற்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது.

சரி, இன்றைய சண்டைக்கு வருவோம். ஆன்லைன் கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. மெட்டால், ஹைட்ரோகுவினோன், ஃபெனிடோன் மாதிரி மருந்துகள் மூவார்க் கடைத்தெருவில் கிடைக்காது. ஃபிலிமும் அப்படித்தான். ஃபிலிம் செய்வது பெரிய தொழிற்சாலை வேலை. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு முயற்சி நடந்தது. தூசு குறைந்த குளிர்ந்த ஊர் என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்து 1960-இல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை இந்திய அரசு நிறுவியது. பிரான்ஸின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே தகடும் வந்தன. தொண்ணூறுகளில் நலிந்த நிறுவனமாகி, பின்பு மூடியே விட்டது. ஃபிலிம் நமக்குத் தூரத்துச் சரக்காகவே இருக்கும் என்று ஒப்புக்கொள்வது நல்லது. 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதி ஆன்லைன் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தண்ணீரை ஏன் கப்பலில் வரவழைக்க வேண்டும்? திரவ ஃபிக்ஸர் ஒரு லிட்டர் வாங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். செறிவான அசிட்டிக் ஆசிட் விமான விதிகளில் எட்டாம் வகுப்பு, அரிக்கும் பொருள். அதை பார்சலில் போடச் சொல்லி ஒரு விற்பனையாளரிடம் கெஞ்சுவதைவிட, மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் வாங்கித் தண்ணீர் கலந்தால் ஸ்டாப் பாத் தயார். ஹைப்போ? ஜொகூரில் அலங்கார மீன் வளர்ப்பு பெரிய தொழில். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க மீன் கடையில் 'ஆண்டி-குளோரின்' என்று பொட்டலத்தில் விற்கும் கற்கண்டு மாதிரியான படிகம் பெரும்பாலும் சோடியம் தையோசல்ஃபேட்தான். பொட்டலத்தில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு 250 கிராம் அளவில் கரைத்தால் ஹெர்ஷல் காலத்து ஃபிக்ஸர் கிடைத்துவிடும். சல்ஃபைட்டை ரசாயனப் பொருள் விற்பவர்களிடம் கேட்கலாம். படிகமாகக் கிடைத்தால், நீரற்ற பொடிக்குச் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். ஏழு மூலக்கூறு தண்ணீர் ஒட்டியிருப்பதால் எடை அப்படி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெறும் ஹைப்போவிலும் சல்ஃபைட்டிலும் அமிலத்தை நேராகக் கொட்டாதீர்கள், மூச்சை அடைக்கும் வாயு வரும். ரப்பர் காடி இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம், அது தோலையும் கண்ணையும் சுடும்.

டெவலப்பரையே ஊரில் செய்துகொள்ளும் வழியும் உண்டு. 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவர் மாணவர்களும் உடனடிக் காபித் தூளையும் சலவைச் சோடாவையும் வைத்து ஃபிலிம் கழுவிக் காட்டினார்கள். அதற்கு கஃபெனால் என்று பெயர். பின்னால் வந்தவர்கள் அதில் வைட்டமின் சியைச் சேர்த்தார்கள். வேலை செய்வது கஃபீன் இல்லை, கஃபெயிக் அமிலம். அந்த வகை அமிலம் ரொபஸ்டாவில் அரபிக்காவைவிட அதிகம், அதனால் விலை குறைந்த காபிதான் நல்லது. வைட்டமின் சி டெவலப்பராகும் என்பதைப் பெரிய கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. 1996-இல் வந்த கோடாக்கின் எக்ஸ்டால் அந்த வழியில் வந்ததுதான். காபிக்குப் பெயர்போன மூவாரில் இது நடக்காவிட்டால் வேறு எங்கே நடக்கும்? ஒரே எச்சரிக்கை: நம் கோப்பித்தியாம் தூளைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அதை வாய்க்கு விட்டுவிட்டு, ஃபிலிமுக்குச் சுத்தமான உடனடித் தூளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக இரண்டு கட்சிக்கும் நான் சொல்வது ஒன்றுதான். டி-76-இன் அந்த 7 கிராம் கப்பலிலோ விமானத்திலோ வரட்டும், மிச்சம் 102 கிராமை இந்தப் பக்கத்திலேயே தேடலாம். இது காசு மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டும் இல்லை. மருந்துக்குப் பஞ்சம் வந்தபோதெல்லாம் ஃபிக்ஸரிலும் கழுவலிலும்தான் கை வைத்தார்கள், அந்த நஷ்டம் ஏழை முகங்கள் மேல் விழுந்தது. ஹைப்போ மீன் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது பழைய ஃபிக்ஸரை இழுத்தடிக்கக் காரணமே கிடையாது. தண்ணீர் நம் ஊரில் தாராளம்.

போன வருடம் கொள்ளுப்பாட்டியின் அந்தச் சின்னப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஃபிலிமில் திரும்ப எடுத்தேன். மஞ்சள் கறை நீல ஒளியில் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் ஃபில்டர் போட்டால் பெரும்பாலும் மறையும். பள்ளிக்கூடத்தில் படித்த நிறச் சக்கரம் இதற்கு உதவியது. புது ஃபிக்ஸர் போட்டு, தண்ணீரைப் பத்துத் தடவை மாற்றிக் கழுவினேன். இடது கண் தெரிகிறது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில், படம் எடுத்தவருக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்க்கிறார். அது சாவடிப் போலீஸா, வரிசையில் நின்ற பிள்ளையா என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. நெகட்டிவ் மட்டும் இனி நூறு வருடம் தாங்கும்.